கைபேசி வழியாகப் பண்ணை ஆய்வு: நியாயமாக நடக்குமா, எப்படித் தயாராவது?

உங்கள் கேள்வியில் பல விஷயங்கள் கலந்திருக்கின்றன. பண்ணையின் தரச் சான்றைப் புதுப்பிக்கும் நேரம் வந்துவிட்டது, ஆய்வாளர் நேரில் வரமாட்டார், வீடியோ அழைப்பில் பண்ணையைச் சுற்றிக் காட்டச் சொல்கிறார்கள். பாதித் தோட்டத்தில் சிக்னல் இல்லை, மருந்து அடித்த கணக்கும் அறுவடைக் கணக்கும் கையால் எழுதிய நோட்டில் இருக்கின்றன. கடைசியில், இதை மறுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: 'பத்து வருடமாக ஒழுங்காகச் செய்கிறேன், கேமரா பிடிக்கத் தெரியாததால் தோற்றுவிடுவேனோ'. உண்மையான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். கேமரா பிடிக்கத் தெரியாததால் யாரும் தோற்பதில்லை. ஆனால் நேரில் வரும்போது ஆய்வாளர் தன் கண்ணாலும் காலாலும் செய்துகொண்ட வேலையில் பாதி இப்போது உங்கள் கைக்கு வந்துவிட்டது. அந்தப் பாதி என்னவென்று தெரிந்துகொண்டால் பயம் பெருமளவு குறைந்துவிடும்.

நான் பதினான்கு வருடமாகப் பண்ணை ஆய்வு செய்கிறேன், பெரும்பாலும் காய்கறி, பழத் தோட்டங்கள், கொஞ்சம் பால் பண்ணைகள். 2020 நடுவிலிருந்து ரிமோட் ஆடிட்டும், அதாவது நேரில் போகாமல் தொலைவிலிருந்து செய்யும் ஆய்வும், செய்கிறேன். ஆரம்பத்தில் எனக்கும் இது பிடிக்கவில்லை. ஒரு பண்ணைக்குள் கால் வைத்த முதல் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடுவது நிறைய. வேலி ஓரத்தில் கிடக்கும் காலி டப்பா, புதிய ஆளைப் பார்த்ததும் வேலையாட்கள் எப்படி நிற்கிறார்கள், மருந்து அறைப் பக்கம் திரும்பும்போது விவசாயியின் நடை மெதுவாகிறதா, இதெல்லாம் திரையில் வராது. அதனால் கீழே சொல்வதில் எது விதி, எது என் அனுபவம், எதில் எனக்கே சந்தேகம் என்று பிரித்துச் சொல்கிறேன். இன்னொன்று, இதையெல்லாம் உங்கள் ஆய்வாளர் சொல்லித்தர மாட்டார், சொல்லித்தரவும் கூடாது. சான்று தருகிறவர்களே ஆலோசகராகவும் இருக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் அடிப்படை விதிகளில் ஒன்று. நான் உங்கள் ஆய்வாளர் இல்லை, அதனால் தாராளமாகச் சொல்லலாம்.

முதலில் விதி. ரிமோட் ஆடிட் என்பது கோவிட் தொற்றுக்காகத் திடீரென்று கண்டுபிடித்த குறுக்குவழி அல்ல. தணிக்கை எப்படிச் செய்ய வேண்டும் என்று வழிகாட்டும் ஐஎஸ்ஓ 19011 தரத்தின் 2018 பதிப்பிலேயே தொலைவிலிருந்து செய்யும் தணிக்கை பற்றி இருக்கிறது. சான்று நிறுவனங்களுக்கு அங்கீகாரம் தரும் அமைப்புகளின் உலகளாவிய மன்றமாக அப்போது இருந்த ஐஏஎஃப், தணிக்கைக்குக் கணினி, கைபேசி, வீடியோவை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று எம்டி 4 என்ற கட்டாய ஆவணத்தை அதே 2018-இல் புதுப்பித்தது. அப்போது அதைப் பண்ணைகளில் பெரிதாக யாரும் பயன்படுத்தவில்லை, அவ்வளவுதான். 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19-ஐப் பெருந்தொற்று என்று அறிவித்த பிறகு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தேவைப்பட்டது. பிரிட்டனில் ரெட் டிராக்டர் என்ற பண்ணைத் தரச் சான்றுத் திட்டம் அந்த மார்ச்சிலேயே நேரடி ஆய்வுகளை நிறுத்திவிட்டு, பிறகு ஆவணங்களை இணையத்தில் ஏற்றுவது, பண்ணையை நேரலையில் காட்டுவது என்று மாறியது. வருடத்துக்கு ஒருமுறையாவது நேரில் போய்ப் பார்த்தே ஆக வேண்டும் என்று வைத்திருந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் இயற்கை வேளாண் விதிகளுக்குக்கூட 2020 ஜூலையில் தற்காலிக விலக்கு வந்தது. ஆக, உங்கள் சான்று நிறுவனம் செய்வது புதிய வழக்கம்தான், ஆனால் ஏமாற்று அல்ல.

மறுக்கலாமா என்பதற்கும் அந்த எம்டி 4-இலேயே பதில் இருக்கிறது. வீடியோ போன்ற முறைகளைப் பயன்படுத்துவதற்கு, தகவல் பாதுகாப்பு எப்படி என்பது உட்பட, இரு தரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். ஒப்புக்கொள்ள முடியவில்லை என்றால் நிறுவனம் வேறு வழியில்தான் ஆய்வைச் செய்ய வேண்டும். அதாவது முறையை மறுக்க உங்களுக்கு இடம் உண்டு, ஆய்வையே மறுக்க முடியாது. பயணமே முடியாத காலத்தில் அந்த 'வேறு வழி' பெரும்பாலும் காத்திருப்பதுதான், காத்திருக்கும்போது சான்றின் தேதி ஓடிக்கொண்டிருக்கும். தொற்றுக் காலத்தில் சான்றுக்குக் கால நீட்டிப்பு கொடுத்த திட்டங்கள் இருக்கின்றன. உங்கள் திட்டத்தில் அது உண்டா, எத்தனை மாதம், அதற்கு என்ன நிபந்தனை என்று எழுத்தில் கேளுங்கள். கூடவே, ரிமோட் ஆடிட் முடித்து வரும் சான்று வழக்கமான அங்கீகாரம் பெற்ற சான்றா, அல்லது நேரில் வந்து பார்க்கும்வரை தற்காலிகமானதா என்றும் கேளுங்கள். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், உங்களிடம் வாங்குகிறவர் எதை ஏற்பார் என்பதைப் பொறுத்துத்தான் இந்த முயற்சிக்கே பலன். நேரில் வந்து பார்த்த சான்றுதான் வேண்டும் என்று வாங்குகிறவர் பிடிவாதமாக இருந்தால், அதை ஆய்வு முடிந்த பிறகு தெரிந்துகொள்வதைவிட முன்பே தெரிந்துகொள்வது நல்லது. என் கருத்தைக் கேட்டால், வாங்குகிறவர் ஏற்கிறார் என்றால் மறுக்காதீர்கள்.

இப்போது ஆவணங்கள். ரிமோட் ஆடிட்டின் எடை முழுவதும் இங்கேதான் இருக்கிறது. நேரில் வரும் நாளில் ஆய்வாளருக்குக் காகிதம் பார்க்க இரண்டு மணி நேரம் கிடைக்கும், அதற்குள் தேநீர், பேச்சு, தோட்டம் சுற்றுவது எல்லாம் இருக்கும். இப்போது நீங்கள் அனுப்பும் காகிதங்கள் இரண்டு மூன்று நாள் என் மேசையில் கிடக்கின்றன. நிதானமாகக் கூட்டிக் கழித்துப் பார்க்கிறேன். நிறைய விவசாயிகள் நினைப்பதுபோல் இது இலகுவான ஆய்வு அல்ல, கணக்கு விஷயத்தில் நேரடி ஆய்வைவிடக் கடுமையானது.

ஒன்று சொல்கிறேன். ஒரு தக்காளித் தோட்டம், நடத்துகிறவர் ஒரு அம்மா, எல்லாவற்றையும் சுத்தமாக எழுதி வைப்பவர். குறிப்பிட்ட ஒரு பூச்சிமருந்து ஒரு லிட்டர் பாட்டில் மூன்று வாங்கியதற்கு ரசீது அனுப்பியிருந்தார். தெளிப்பு நோட்டில் நாலு ஏக்கருக்கு ஏக்கருக்கு அரை லிட்டர் வீதம் ஒருமுறை அடித்ததாக இருந்தது, ஆக இரண்டு லிட்டர். மீதி ஒரு லிட்டர் இருக்க வேண்டும். வீடியோவில் மருந்து அலமாரியைத் திறந்து காட்டியபோது, "அம்மா, அந்தப் பாட்டிலைக் கொஞ்சம் வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள்" என்றேன். பிடித்தார். வெள்ளைப் பிளாஸ்டிக் வழியாக உள்ளே மருந்தின் மட்டம் நிழல்போலத் தெரிந்தது, சரியாகப் பாதி. வேறு பாட்டில் இல்லை. மீதி அரை லிட்டர் எங்கே என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நாற்றங்காலுக்கும் வரப்போரச் செடிக்கும் அடித்தோம் சார், அதை எழுதவில்லை" என்றார். எந்தத் தேதி என்று நினைவில்லை. நாற்று அறுவடைக்கு வெகு தூரத்தில் இருந்தது, அதில் கவலை இல்லை. வரப்போரச் செடிகள் காய்த்துக்கொண்டிருந்தன, மருந்து அடித்ததிலிருந்து பறிப்பதற்குள் விட வேண்டிய நாட்கள் கடந்தனவா என்று யாராலும் சொல்ல முடியாது. அது என்சி, அதாவது விதிக்கு ஒத்துப்போகாத குறை என்று பதிவாவது. அந்தப் பக்கத்துப் பறிப்பை அவரே தனியாக ஒதுக்கி வைத்து மாதிரியை எச்சப் பரிசோதனைக்கு, அதாவது காயில் மருந்து மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க, அனுப்பினார். அவர் ஏமாற்றவில்லை, எழுத மறந்தார், அவ்வளவுதான். ஆனால் நேரில் போயிருந்தால் நான் இதைக் கண்டுபிடித்திருப்பேனா என்று கேட்டால், அனேகமாக இல்லை.

அதனால் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, அந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பார்ப்பது. ஒவ்வொரு மருந்துக்கும், ஒவ்வொரு உரத்துக்கும், வாங்கியது எவ்வளவு, நோட்டின்படி அடித்தது எவ்வளவு, அலமாரியில் இருப்பது எவ்வளவு. ஒத்துப்போகவில்லை என்றால் ஏன் என்று யோசித்து, தெரிந்ததை இன்றைய தேதியிட்டு 'பின்னால் கண்டறிந்த விடுபட்ட பதிவு' என்று எழுதுங்கள். பழைய தேதி போட்டு நடுவில் நுழைக்காதீர்கள். ஒரே பேனா, ஒரே அழுத்தம், ஒரே நாளில் எழுதிய ஆறு மாதக் கணக்கு எங்களுக்குப் பார்த்தவுடன் தெரியும். அப்படி ஒன்று தெரிந்துவிட்டால், அதன் பிறகு நீங்கள் உண்மையாக எழுதிய பக்கத்தையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். அறுவடையிலும் இதே கணக்கு உண்டு: பறித்தது, விற்றது, கழித்தது. இத்தனை ஏக்கரில் இவ்வளவு விளையாது என்கிற அளவுக்கு விற்பனை இருந்தால் வெளியிலிருந்து வாங்கிக் கலந்தீர்களா என்ற கேள்வி வரும்.

கையால் எழுதிய நோட்டு குறையே இல்லை. கணினியில் இருக்க வேண்டும் என்று எந்தத் திட்டமும் கேட்டு நான் பார்த்ததில்லை. மருந்துக் கறை பட்டு, ஓரம் மடங்கிய நோட்டைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கைதான் வருகிறது, தோட்டத்தில் வைத்து எழுதியது என்று தெரிகிறது. ஆனால் படம் எடுக்கும் விதம் முக்கியம். பகல் வெளிச்சத்தில், நோட்டைத் தரையில் விரித்து, நேர் மேலிருந்து, உங்கள் நிழல் விழாமல், ஒரு பக்கத்துக்கு ஒரு படம். பக்கத்தின் நாலு மூலையும் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் ஓரத்தில் இருக்கும் தேதி வெட்டுப்பட்டுவிடும், அது அடிக்கடி நடக்கிறது. படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கி எழுத்து மங்கிவிடும், ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் அதில் என்ன இருக்கிறது என்று பெயர் வையுங்கள். எண்பது படங்கள் பெயரில்லாமல் வந்து சேர்ந்தால், தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை எங்கே என்று தேடுவதிலேயே எங்கள் நேரம் போகும், இருக்கிற காகிதமே இல்லை என்று பதிவாகிவிடும் ஆபத்தும் உண்டு. எத்தனை வருடப் பதிவு வேண்டும் என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும், நல்ல வேளாண் முறைகளுக்கான உலகளாவிய சான்றுத் திட்டமான குளோபல் கேப் பொதுவாக இரண்டு வருடம் வைத்திருக்கச் சொல்கிறது. தண்ணீர் அறிக்கை, எச்சப் பரிசோதனை அறிக்கை, தெளிப்பானை அளவு சரிபார்த்த பதிவு, வேலையாட்களுக்குப் பயிற்சி கொடுத்த பதிவு, பண்ணை வரைபடம், இடர் மதிப்பீடு, இவற்றை முதலிலேயே ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

அடுத்தது வீடியோ நடை. சிக்னல் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். ஆய்வுக்கு இரண்டு நாள் முன்பு, ஆய்வு நடக்கும் அதே நேரத்தில், வேறு யாரையாவது வீடியோவில் அழைத்துக்கொண்டே முழுத் தோட்டத்தையும் ஒருமுறை நடங்கள். எங்கே படம் உறைகிறது, எங்கே குரல் அறுந்து போகிறது என்று வரைபடத்திலேயே குறித்து அதை ஆய்வாளருக்கு முன்கூட்டியே அனுப்புங்கள். நடுவில் அழைப்பு அறுந்தால் ஆய்வாளர் மனதில், எதையோ மறைக்கிறாரோ என்று ஒரு சின்னச் சந்தேகம் வரத்தான் செய்யும், நானும் மனிதன்தான். முன்பே சொல்லிவிட்டால் அந்தச் சந்தேகம் எழாது. சிக்னல் இல்லாத இடத்தை, ஆய்வாளர் ஒப்புக்கொண்டால், நீங்கள் பதிவு செய்து அனுப்பலாம். எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை, அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படிப் பதிவு செய்யும்போது கைபேசியில் இருப்பிடத்தைப் பதியும் வசதியைத் திறந்து வையுங்கள், நடுவில் நிறுத்தி நிறுத்தி ஒட்டாதீர்கள், சிக்னல் இருக்கும் இடத்தில் தொடங்கி ஒரே மூச்சில் போய்த் திரும்பி வாருங்கள். நான் என்றால், ஆய்வு நேரத்தில் சொல்லும் ஒரு சொல்லையோ எண்ணையோ காகிதத்தில் எழுதிப் பதிவின் தொடக்கத்தில் காட்டச் சொல்வேன், அது பழைய வீடியோ இல்லை என்று தெரிவதற்காக.

கைபேசியை நீங்களே பிடிக்காதீர்கள். வீட்டில் இளையவர் யாராவது பிடிக்கட்டும், நீங்கள் பேசுங்கள், கதவைத் திறங்கள், டப்பாவைத் தூக்கிக் காட்டுங்கள். கைபேசியையும் பிடித்து, நோட்டையும் புரட்டி, கேள்விக்கும் பதில் சொல்லும் ஒருவர் பத்தாவது நிமிடத்தில் பதறத் தொடங்குவதை நிறையப் பார்த்துவிட்டேன். பின்பக்கக் கேமரா, மெதுவான நடை, ஒரு இடத்துக்குப் போனதும் முதலில் நின்று முழு இடமும் தெரியும்படி ஒரு சுற்று, அப்புறம் பக்கத்தில் போய்ப் பொருள். இந்த வரிசை முக்கியம், ஏனென்றால் நேராகப் பொருளுக்குப் போனால் அது எந்த அறையில் இருக்கிறது என்று எனக்குப் புரியாது. காற்று அடிக்கும் தோட்டத்தில் மைக் உள்ள இயர்போன் இல்லாமல் ஒரு வார்த்தையும் கேட்காது. சார்ஜ் முழுதாக இருக்கட்டும், கையில் பவர் பேங்க் இருக்கட்டும். ஆவணப் பேச்சையும் நடையையும் ஒரே நாளில் வைக்க வேண்டாம் என்று கேளுங்கள். மூன்று மணி நேரம் திரையைப் பார்த்த பிறகு இரு பக்கமும் சோர்ந்துவிடும், சோர்ந்த ஆய்வாளர் நல்ல ஆய்வாளர் அல்ல.

மருந்து அறையில்தான் அதிக நேரம் நிற்போம். பூட்டு இருக்கிறதா, திறவுகோல் யாரிடம், வெளியே எச்சரிக்கைப் பலகை, உள்ளே காற்றோட்டம், வெளிச்சம். அலமாரியில் தூள் மருந்து மேலே, திரவம் கீழே, திரவம் ஒழுகினால் தூளின் மேல் விழக் கூடாது என்பதற்காக. சிந்தினால் தேங்கி நிற்க ஏற்பாடு வேண்டும், உள்ளே இருப்பதில் மிகப்பெரிய கலனின் கொள்ளளவில் 110 சதவீதம் தாங்க வேண்டும் என்பது குளோபல் கேப்பின் கணக்கு. மணல் வாளி, துடைப்பம், முறம். கண் கழுவத் தண்ணீர் பத்து மீட்டருக்குள். ஒவ்வொரு டப்பாவின் லேபிளையும் படிக்கும் தூரத்தில் காட்டச் சொல்வோம், காலாவதித் தேதி, பேட்ச் எண். காலாவதியானது இருந்தால் முந்தின நாள் இரவில் எங்காவது கொண்டுபோய் ஒளித்து வைக்காதீர்கள். தனியாக வைத்து, பூட்டி, 'காலாவதி, பயன்படுத்தக் கூடாது' என்று எழுதி ஒட்டுங்கள், அது பெரும்பாலும் குறையே ஆகாது. ஒளித்து வைத்தது கணக்கில் மாட்டினால்தான் பெரிய குறை. தெளிப்பானைச் சரிபார்ப்பதை வீடியோவில் செய்து காட்டச் சொன்னால் சந்தோஷமாகச் செய்யுங்கள். வாளியில் தண்ணீர் பிடித்து ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு என்று அளந்து காட்டுவது கேமராவுக்கு மிக நன்றாகப் பொருந்தும் வேலை. அதைச் சரளமாகச் செய்கிற கையைப் பார்த்தாலே பழக்கம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

இப்போது என் தவறு ஒன்று. ஒரு பழத் தோட்டம், ரிமோட் ஆடிட், எல்லாம் ஒழுங்கு. காலி மருந்து டப்பாக்களை மூன்று முறை அலசி, துளையிட்டு, மூட்டை கட்டி வைத்திருந்ததைக் காட்டினார்கள், நான் திருப்தியாகப் பதிவு செய்தேன். சில மாதம் கழித்துக் கட்டுப்பாடுகள் தளர்ந்ததும் நேரில் போனேன். மூட்டை அதே இடத்தில் இருந்தது. அதன் பின்னால், கொட்டகைச் சுவருக்கு அந்தப் பக்கம், டப்பாக்களை எரித்த குழி. சாம்பலில் பாதி உருகிய மூடிகள் கிடந்தன. புதிய குழி இல்லை, ஓரத்தில் புல் முளைத்திருந்தது. கைபேசியை இன்னும் இரண்டு அடி வலது பக்கம் திருப்பச் சொல்லியிருந்தால் நான் பார்த்திருப்பேன். சொல்லவில்லை. அந்தச் சான்று என் கையெழுத்தில் போனது, அது இன்றும் என்னை உறுத்துகிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு கட்டிடத்தையும் சுற்றி முழு வட்டம் நடக்கச் சொல்கிறேன், நடுவில் திடீரென்று "பின்னால் திரும்புங்கள்", "அந்தக் கதவுக்கு உள்ளே என்ன" என்று கேட்கிறேன். உங்கள் ஆய்வாளரும் அப்படிக் கேட்டால் கோபப்படாதீர்கள். உங்களை நம்பாமல் கேட்பதில்லை, அவருக்குக் கழுத்தைத் திருப்ப வழியில்லை, அதனால் கேட்கிறார்.

மாட்டுக் கொட்டகையும் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதுவும் சான்றுக்குள் வருகிறது என்றால், கேமரா மிகவும் தடுமாறும் இடம் அதுதான். அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கிறதா என்று திரை சொல்லாது. படுக்கை ஈரமாக இருக்கிறதா என்று கையை வைத்துப் பார்க்க முடியாது. மாடு நொண்டுகிறதா என்று பார்க்க, சமதளத்தில் பக்கவாட்டிலிருந்து அது பத்துப் பன்னிரண்டு அடி நடப்பதைத் தடையில்லாமல் காட்ட வேண்டும். வெயில் கண்ணில் அடிக்கும் நேரத்தில் கொட்டகைக்குள் எல்லாம் கறுப்பாகத்தான் தெரியும், அதனால் காலையிலோ மாலையிலோ வைத்துக்கொள்ளுங்கள், விளக்கைப் போடுங்கள். மருந்துப் பதிவில் எந்த மாட்டுக்கு, எந்தத் தேதி, என்ன மருந்து, எத்தனை நாள் பால் ஒதுக்கினீர்கள் என்பது மாட்டின் காதில் மாட்டியிருக்கும் அடையாள எண்ணோடு பொருந்த வேண்டும். நான் பதிவேட்டிலிருந்து ஒரு எண்ணைச் சொல்லி அந்த மாட்டிடமே கூட்டிப்போகச் சொல்வேன்.

வேலையாட்களிடம் பேசும் பகுதி எனக்கு மிகவும் மனசு கேட்காத பகுதி. நேரில் என்றால் தோட்டத்தின் ஓரத்தில் நின்று சாதாரணமாகப் பேசலாம். இப்போது முதலாளியின் கைபேசியை முதலாளியே கொடுத்து, அவர் பக்கத்திலேயே நிற்கிறார். அந்தச் சூழலில் யார் வாய் திறப்பார்கள்? தயவுசெய்து கைபேசியைக் கொடுத்துவிட்டு நீங்கள் தள்ளிப் போங்கள், உங்கள் வீட்டுப் பிள்ளையும் தள்ளிப் போகட்டும். யாரிடம் பேச வேண்டும் என்பதை ஆய்வாளர் தேர்ந்தெடுக்கட்டும். வீடியோவில் வேலையாட்களின் முகம் வரும், அவர்களிடம் முன்பே சொல்லிச் சம்மதம் கேளுங்கள், விருப்பமில்லாதவரைக் காட்டாதீர்கள். அழைப்பு பதிவு செய்யப்படுகிறதா, எங்கே வைக்கப்படும், எப்போது அழிக்கப்படும் என்று ஆய்வாளரிடம் கேட்பது உங்கள் உரிமை. சம்பளப் பதிவு, அடையாள ஆவணங்கள் போன்றவற்றை மின்னஞ்சலில் அனுப்பாமல் அழைப்பில் திரையில் காட்டிவிட்டு மூடலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

சந்தேகத்துக்கு வருகிறேன். ரிமோட் ஆடிட் நேரடி ஆய்வுக்கு ஈடா? கணக்கு, ஆவணம், பொருள்களின் இருப்பு, இதில் ஈடு, சில சமயம் மேல் என்று உறுதியாகச் சொல்வேன். நெடி, சுத்தம், விலங்கு நலம், வேலையாட்களின் நிலை, இதில் ஈடு இல்லை என்றும் அதே உறுதியோடு சொல்வேன். இரண்டையும் சேர்த்து மொத்தத்தில் நம்பகமானதா என்பதில் எனக்கு இன்னும் தெளிவு வரவில்லை. ஏற்கனவே பலமுறை நேரில் பார்த்த பண்ணை என்றால் நிம்மதியாகச் செய்கிறேன், இடம் தெரியும், ஆட்கள் தெரியும், எங்கே திருப்பச் சொல்ல வேண்டும் என்று தெரியும். ஒருமுறைகூடக் கால் வைக்காத புதிய பண்ணைக்கு முதல் சான்றையே வீடியோவில் தருவது எனக்குச் சரியாகப் படவில்லை. உங்களுக்குப் பத்து வருட வரலாறு இருக்கிறது, அது இந்த நேரத்தில் உங்களுக்குப் பெரிய பலம். முந்தைய வருட அறிக்கைகளை எடுத்து வைத்துக்கொண்டு, அப்போது எழுதிய குறைகள் இப்போது எப்படிச் சரியாகியிருக்கின்றன என்பதை நீங்களே முந்திக்கொண்டு காட்டுங்கள்.

தேர்ச்சி அளவுகோல் ரிமோட் என்பதால் தளராது. குளோபல் கேப் என்றால் கட்டாய அம்சங்களில் பெரியவை நூற்றுக்கு நூறு, சிறியவை 95 சதவீதம், அது அப்படியேதான். அழைப்பு முடியும்போது என்னென்ன என்சி என்று ஆய்வாளர் வாய்விட்டுப் படிப்பார், அவசரப்பட்டு 'சரி சரி' என்று சொல்லிவிடாதீர்கள். எந்த அம்சம், எதைப் பார்த்து அப்படி எழுதினார் என்று ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள். வீடியோவில் தெரியாததை 'இல்லை' என்று எழுதியிருந்தால் அப்போதே கைபேசியை எடுத்துக்கொண்டு போய் மறுபடி காட்டலாம். என்னிடம் அப்படிக் காட்டித் திருத்தியவர்கள் உண்டு, நான் நன்றி சொல்லியிருக்கிறேன். புதுப்பிக்கும் சான்றில் குறைகளை மூட குளோபல் கேப்பில் 28 நாள். உங்கள் திட்டத்தில் எத்தனை நாள், அது அழைப்பு முடிந்த நாளிலிருந்தா, அறிக்கை கைக்கு வந்த நாளிலிருந்தா என்று கேட்டு, தேதியை நோட்டிலேயே எழுதிக்கொள்ளுங்கள். திருத்தியதற்கான படங்களை எடுக்கும்போது, முன்பு குறை தெரிந்த அதே இடத்தில் நின்று அதே கோணத்தில் எடுங்கள். வேறு கோணத்தில் வந்த படத்தை இது அந்த இடம்தானா என்று கேட்டு நானே சில தடவை திருப்பி அனுப்பியிருக்கிறேன், அதில் நாலைந்து நாள் வீணாகப் போய்விடும்.